டிஸ்னி வேர்ல்டில் காட்டு முதலை: சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

"ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டில் நிஜமான காட்டு முதலைகள் இருக்கின்றன என்கிறார்களே, உண்மையா? நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டிசம்பரில் மூன்று வயதுக் குழந்தையோடு போகிறோம், பயப்பட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். நான் பார்த்திருக்கிறேன். ஆர்லாண்டோ பக்கத்தில் குடியிருப்பதால் ஊரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துக்கொண்டு போகிற வேலை என்னுடையது, அதனால் ஒரு தடவைக்கு மேலேயே பார்த்திருக்கிறேன். குழந்தையோடு தாராளமாகப் போகலாம். ஆனால் தண்ணீர் ஓரம் என்கிற ஒரே இடத்தைப் பற்றி மட்டும் நீங்கள் நன்றாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றி. முதலை எங்கிருந்தோ வழிதவறிப் பூங்காவுக்குள் வந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1960களில் டிஸ்னி நிறுவனம் வேறு வேறு பெயர்களில் சுமார் 27,000 ஏக்கர் வாங்கியபோது அதில் பெரும்பகுதி சதுப்பு நிலம், சைப்ரஸ் மரக்காடு. அங்கே ஓடும் ரீடி கிரீக் ஓடை, தெற்கே எவர்கிளேட்ஸ் என்கிற பெரிய சதுப்புநிலம் வரை போகிற நீரோட்டத்தின் தலைப்பகுதி. அந்தச் சதுப்பை வடிக்க மைல் கணக்கில் கால்வாய் வெட்டினார்கள். பே லேக் என்பது இயற்கை ஏரி. அதை ஒட்டியுள்ள செவன் சீஸ் லகூன் தோண்டப்பட்டது. அங்கே தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் டிஸ்னி வேர்ல்டின் முதல் பூங்காவான மேஜிக் கிங்டம் நிற்கிற இடத்தை உயர்த்தினார்கள். ஏரி, கால்வாய், குட்டை எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை. தொடர்பு இல்லாத இடத்துக்கும் அலிகேட்டர் (இங்கே வாழும் முதலை வகை) தரையில் நடந்தே போய்விடும், முக்கியமாக வசந்த காலத்தில் இணை தேடும்போது.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி அமெரிக்க அலிகேட்டர் அருகிப்போய், 1967இல் அழியும் நிலையில் உள்ள விலங்குகள் பட்டியலில் சேர்ந்தது. பூங்கா திறந்தது 1971 அக்டோபர் 1. அப்போது அவை பாதுகாப்பில் இருந்தன. 1987இல் மீண்டுவிட்டன என்று அறிவித்தார்கள். இன்று ஃப்ளோரிடாவில் சுமார் 13 லட்சம் இருப்பதாக மாநில வனவிலங்கு ஆணையம் கணக்குச் சொல்கிறது, 67 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) ஒன்று விடாமல். ஆக பூங்கா வளர்ந்த அதே ஆண்டுகளில் பக்கத்திலேயே முதலையும் பெருகியது. இங்கே நன்னீர் எங்கே தேங்கியிருந்தாலும் அதில் முதலை இருக்கலாம் என்றுதான் உள்ளூர்க்காரர்கள் நடந்துகொள்வார்கள். என் குடியிருப்பின் மழைநீர்க் குட்டையிலும் அவ்வப்போது ஒன்று வந்து தங்கிவிட்டுப் போகும்.

நான் பார்த்ததில் ஒன்றைச் சொல்கிறேன். அக்கா குடும்பத்தோடு போயிருந்தேன். டிஸ்னியின் எப்காட் பூங்காவிலிருந்து ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குக் கால்வாய் ஓரமாகவே ஒரு நடைபாதை உண்டு. படகுக்குக் காத்திருக்க மனமில்லாமல் நடந்தோம். அக்காதான் முதலில் நின்றாள். "அந்தக் கட்டை நகருதுடா" என்றாள். எதிர்க்கரைப் புல்லை ஒட்டி மூக்குநுனியும் இரண்டு கண்மேடும் மட்டும் தெரிந்தன. ஐந்தடி இருக்கலாம். அத்தான் போனை எடுத்துக்கொண்டு கைப்பிடிக் கம்பி பக்கம் போனார். அக்கா மகள், அப்போது நான்கு வயது, என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, இது பேட்டரி முதலையா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை. காரணம் இருக்கிறது. முந்தின நாள்தான் மேஜிக் கிங்டத்தில் ஜங்கிள் குரூஸ் படகில் போயிருந்தோம். அதில் யானை தண்ணீர் பீய்ச்சும், நீர்யானை எழும், முதலை வாயைத் திறக்கும், எல்லாமே இயந்திரம். அந்த வயதுக் குழந்தைக்கு இயந்திர முதலைக்கும் கால்வாயில் மிதப்பதற்கும் வித்தியாசம் தெரிய வழியே இல்லை. பெரியவர்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான். வெட்டிவிட்ட புல், விளக்கு, இசை, சிரித்த முகத்தோடு ஊழியர்கள். இந்த வளாகத்துக்குள் எதுவும் நம்மைத் தீண்டாது என்று மனசு தானாக நம்பிவிடுகிறது. முதலையைவிட இந்த நம்பிக்கையைத்தான் நான் ஆபத்தாக நினைக்கிறேன்.

பக்கத்தில் ஒருவர் கையிலிருந்த பிரெட்டைப் பிய்த்துத் தண்ணீரில் போடப் போனார். அந்த வழியே வந்த ஊழியர் ஒருவர் தன்மையாக, ஆனால் உடனே, தடுத்துவிட்டார். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

2016 ஜூன் 14 அன்று நடந்ததைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. செவன் சீஸ் லகூன் கரையில் இருக்கிற கிராண்ட் ஃப்ளோரிடியன் விடுதியின் மணல்கரையில், இரவு 9 மணி வாக்கில், நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அன்று அங்கே திறந்தவெளியில் படம் காட்டும் நிகழ்ச்சி. இரண்டு வயதுப் பையன் மணல் வீடு கட்டத் தண்ணீர் மொள்ள ஓரத்தில் குனிந்தான். கணுக்கால் அளவுத் தண்ணீர். முதலை அவனைப் பிடித்துக்கொண்டு போனது. தகப்பன் தண்ணீருக்குள் பாய்ந்து அதன் வாயைக் கையால் பிளக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுநாள்தான் குழந்தையின் உடல் கிடைத்தது.

அப்போது அந்தக் கரையில் இருந்த பலகையில் "நீந்தக் கூடாது" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. முதலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெற்றோரை இணையத்தில் எவ்வளவோ பேர் ஏசினார்கள். "குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை" என்றார்கள். எனக்கு அதைப் படித்தபோது வயிறு எரிந்தது. அவர்கள் நீந்தவில்லை. குழந்தையின் பக்கத்தில்தான் இருந்தார்கள். நெப்ராஸ்காவில் முதலை கிடையாது. மணலைக் கொட்டிக் கரை அமைத்து, சாய்வு நாற்காலி போட்டு, அங்கேயே படமும் காட்டினால், இது குழந்தை விளையாடுகிற இடம் என்றுதான் எந்தத் தாய் தகப்பனும் எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரனுக்குத் தெரிந்தது வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் ஒரு உயிர் போனது. நீங்கள் இன்று கேள்வி கேட்கிறீர்களே, இதைவிட நல்ல தயாரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு சில நாட்களிலேயே கரைகளில் வேலி கட்டினார்கள். "இந்தப் பகுதியில் முதலைகளும் பாம்புகளும் உண்டு, தண்ணீரை விட்டு விலகி இருங்கள், விலங்குகளுக்கு உணவு போடாதீர்கள்" என்று படத்தோடு பலகைகள் வந்தன. பின்னால் பல இடங்களில் பாறைகளை அடுக்கித் தடுப்பும் போட்டார்கள். மாநிலத்தின் உரிமம் பெற்ற முதலை பிடிப்பவர்கள் தொடர்ந்து வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிந்தைய ஐந்தாண்டில் சுமார் 250 முதலைகளை அகற்றியதாகச் செய்திகள் வந்தன. இவ்வளவு எடுத்தும் தீராது, தண்ணீர் வழியாகப் புதிது வந்துகொண்டே இருக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பயம் அளவோடு இருக்க வேண்டும் என்பதற்காக. ஃப்ளோரிடா முழுவதிலும் சீண்டாமலே முதலை கடித்து மருத்துவமனை போக நேர்வது ஆண்டுக்குச் சராசரியாக 8 பேர். உயிர் போவது மிக அபூர்வம். டிஸ்னிக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். அங்கே போய் வர ஹைவேயில் கார் ஓட்டுவதுதான் இதைவிடப் பல மடங்கு ஆபத்து.

ஆனாலும் அந்தச் சின்ன வாய்ப்பு எங்கே, எப்போது, யார்மீது விழுகிறது என்பதில் ஒழுங்கு இருக்கிறது. அலிகேட்டர் துரத்தி வேட்டையாடுகிற விலங்கு இல்லை. தண்ணீருக்கடியில் அசையாமல் கிடந்து, ஓரத்துக்கு வருவதைப் பாய்ந்து பிடிக்கும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிற வரைதான் சுறுசுறுப்பு. தான் விழுங்கக்கூடிய அளவில் இருப்பதைத்தான் பெரும்பாலும் குறிவைக்கும். ஆமை, மீன், கொக்கு, ரக்கூன். தண்ணீர் ஓரத்தில் குனிகிற குழந்தையும் நாய்க்குட்டியும் அந்த உயரத்தில்தான் இருக்கிறார்கள். இருட்டு, ஓரம், சின்ன உருவம் மூன்றும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. எனக்குத் தெரிந்த பாதுகாப்பு விதி இது ஒன்றுதான்.

வாட்ஸாப்பில் சுற்றுகிற ஒன்று: முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டுமாம். தப்பு. நேராகத் தண்ணீரை விட்டு விலகி ஓட வேண்டும், அவ்வளவுதான். தரையில் அது கொஞ்ச தூரம்தான் வேகமாக வரும், பெரும்பாலும் வரவே வராது. சீறல் கேட்டால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். ஆகஸ்ட் கடைசியில் குட்டிகள் பொரிக்கும். மஞ்சள் பட்டையோடு கைக்கடக்கமாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். கிட்டே போகாதீர்கள், தாய் பக்கத்திலேயே இருக்கும். ஒருவேளை பிடித்தேவிட்டால், சும்மா இருக்காமல் கண்ணிலும் மூக்கிலும் ஓங்கிக் குத்திப் போராடச் சொல்கிறார்கள். மூடுகிற தாடைக்கு அசுர பலம் என்றாலும், எதிர்ப்பு அதிகமானால் விட்டுவிட்டுப் போவது உண்டு.

இப்போது அந்தப் பிரெட் விஷயம். காட்டு முதலைக்கு உணவு போடுவது ஃப்ளோரிடாவில் சட்டப்படி குற்றம். வாத்துக்குப் போடுகிறேன், மீனுக்குப் போடுகிறேன் என்பவர்களும் கவனிக்க வேண்டும், அந்த வாத்தையும் மீனையும் தேடி முதலை வரும். இயல்பிலேயே அதற்கு மனிதனிடம் பயம் உண்டு. ஆளைக் கண்டால் அமிழ்ந்துவிடும். உணவு போட்டுப் பழக்கினால் அந்தப் பயம் போய்விடும், மனிதன் வந்தால் தீனி வரும் என்று கரையை நோக்கி நீந்திவர ஆரம்பிக்கும். அடுத்து அந்தக் கரையில் நிற்பது யார் குழந்தையோ.

அந்த முதலையின் கதியும் அதோடு முடிந்தது. நான்கடிக்கு மேல் இருந்து, ஆட்களுக்கு ஆபத்து என்று புகார் போனால் பிடிப்பவரை அனுப்புவார்கள். பிடித்ததை வேறு காட்டில் கொண்டுபோய் விடுவதில்லை. விட்டால் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது என்பதால் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். தோலும் இறைச்சியும் விற்பனைக்குப் போகும். யாரோ விளையாட்டாக எறிந்த நாலு துண்டு பிரெட்டுக்காக, அந்தச் சதுப்பிலேயே பிறந்து வளர்ந்த ஒரு உயிர் சாகிறது. கண்ணெதிரே யாராவது எறியப் போனால் தயவுசெய்து சொல்லித் தடுங்கள். நம் ஆட்களாக இருந்தால் தமிழிலேயே சொல்லுங்கள். கோவில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம், கை தானாகப் போகும்.

குழந்தைக்கு முதலையைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் அதற்கென்றே இடம் இருக்கிறது. கேட்டர்லேண்ட், டிஸ்னியிலிருந்து காரில் அரைமணி நேரம்கூட ஆகாது. 1949இல் தொடங்கியது, டிக்கெட்டும் டிஸ்னியைவிட எவ்வளவோ மலிவு. மரப்பாலத்தின் மேல் நின்று கீழே நூற்றுக்கணக்கில் கிடப்பதைப் பார்க்கலாம். வசந்தத்தில் போனால் இன்னொரு காட்சி: அந்த முதலைக் குளத்துக்கு மேலே மரங்களில் காட்டுக் கொக்குகளும் நாரைகளும் தாமாகவே வந்து கூடு கட்டியிருக்கும். கீழே முதலை கிடப்பதால் முட்டை திருடுகிற ரக்கூன் மரம் ஏற வராது. எனக்கு டிஸ்னியின் வாணவேடிக்கையைவிட அது பிடிக்கும். கென்னடி விண்வெளி மையம் போகிற திட்டம் இருந்தால், அங்கே பேருந்தில் சுற்றிக் காட்டும்போது சாலையோரக் கால்வாய்களைப் பாருங்கள். அது மெரிட் தீவு வனவிலங்குச் சரணாலயத்தோடு சேர்ந்த நிலம், வெயில் காய்கிறவை கண்ணில் படும்.

உங்கள் டிசம்பர் பயணத்துக்கு வருவோம். குளிரில் முதலை மந்தமாகிவிடும். வெப்பம் 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இரை எடுப்பதைக் குறைத்துவிடும், 13க்குக் கீழே ஏறக்குறைய உறக்கம். ஆனால் ஆர்லாண்டோ டிசம்பரில் பகல் 25 டிகிரியைத் தொடுகிற நாட்களும் உண்டு, அதனால் குளிர்காலம்தானே என்று கவனத்தை விட வேண்டாம். பூங்காக்களுக்குள்ளே, சவாரி வரிசைகளில், தெருக்களில் நீங்கள் இதை நினைக்கவே தேவையில்லை. விடுதியில்தான் கவனம். ஏரிக்கரை அறை எடுத்தால் மாலையில் குழந்தையை மணல்கரைப் பக்கம் இறக்கிவிடாதீர்கள். வேலிக்கு இந்தப் பக்கமே இருங்கள், படம் எடுப்பதற்காகக்கூட பாறைமேல் ஏற்றி உட்கார வைக்க வேண்டாம். தண்ணீர் விளையாட்டுக்கு விடுதிகளில் நீச்சல் குளம் இருக்கிறது. முதலையைக் கரையோரம் பார்த்தால் முதலில் பக்கத்தில் இருக்கிற ஊழியரிடம் சொல்லுங்கள், உடனே கவனிப்பார்கள். டிஸ்னிக்கு வெளியே வாடகை வீடு எடுத்துத் தங்குகிறீர்கள் என்றால் பின்பக்கத்தில் குட்டை இருக்கிறதா, அதற்கு வேலி இருக்கிறதா என்று பதிவு செய்யும் முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மாநில ஆணையத்தின் முதலைப் புகார் எண் 866-392-4286, போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.