கேள்வி நேரம்: ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்றால் இலவசமா?

கே: காருக்கு வாங்கிய புது பேட்டரியில் ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறது. சர்வீஸ் இலவசமா, அல்லது பராமரிப்பே வேண்டாமா?
– வாசகர், கரூர்

ப: இரண்டும் இல்லை. ‘ஷுகர் ஃப்ரீ’ பிஸ்கட் வாங்கினால் சர்க்கரையா இலவசமாகத் தருகிறார்கள்? ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒட்டி வரும் ‘ஃப்ரீ’க்கு ‘இல்லாத’ என்று பொருள். பேட்டரியில் இல்லாமல் போவது ஒரே ஒரு வேலைதான்: டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது. பழைய பேட்டரிகளின் ஈயத் தகடுகளில் ஆன்டிமனி கலந்திருக்கும். சார்ஜ் ஏறும்போது தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போவதை அது கூட்டிவிடும். ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் சேர்த்ததும் அந்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. 1970களில் அமெரிக்கக் கார்களில் இந்த வகை பரவியது.

மற்ற வேலைகள் அப்படியே இருக்கின்றன. டெர்மினலில் உப்புப் பூத்தால், இன்ஜினை அணைத்துவிட்டு முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றுங்கள். வரிசை மாறி, பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் கார் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் பாசிட்டிவை முதலில் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

வண்டி சில மணி நேரம் நின்றபின் மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது தொடர்ந்து 15-ஐத் தாண்டினால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மிகை சார்ஜில் தண்ணீர் வற்றும். மூடி சீல் வைத்தது என்பதால் திரும்ப ஊற்றவும் முடியாது. பேட்டரியின் மேலே சார்ஜ் நிலையைக் காட்டும் பச்சைக் கண்ணை முழுதாக நம்ப வேண்டாம், ஆறு செல்களில் ஒன்றின் நிலையைத்தான் அது காட்டும்.

கே: ஜீவனாம்சத்துக்கும் ‘மெயின்டனன்ஸ்’ என்கிறார்களே?
– வாசகி, தென்காசி

ப: லத்தீனில் ‘மானு டெனெரே’, அதாவது கையில் பிடித்திருத்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘தாங்குதல், ஆதரித்தல்’ என்றே பொருள்பட்டது. ஜீவனாம்சம் அந்தக் கிளைதான். தனக்குச் சம்பந்தமில்லாத வழக்கைப் பணம் கொடுத்து நடத்துவதற்கும் இங்கிலாந்தில் இதே பெயர். 1967 வரை அது அங்கே குற்றம்! இயந்திரப் பராமரிப்பு பிறகு வந்து சேர்ந்த பொருள். எளிதில் திருப்தியடையாத ஆளை ‘ஹை மெயின்டனன்ஸ்’ என்பதை 1989-இல் வந்த ‘வென் ஹாரி மெட் சாலி’ படம் பிரபலமாக்கியது.

கே: ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் சிறுகோடு வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

ப: ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்று முடிந்தால் எப்போதும் போடுங்கள். ‘லோ’, ‘ஹை’ என்று தொடங்கினால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டும் போதும்.