படகு வாங்கியாச்சு, முதல் ஓட்டம் எப்படி?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதிதாகப் படகு வாங்கியவர்களுடையவை. பலர் படகின் நீளத்தையும் எழுதவில்லை, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்றும் எழுதவில்லை. அவர்களுக்கெல்லாம் 15 முதல் 18 அடி ஃபைபர் படகு, பின்னால் ஒரு பெட்ரோல் அவுட்போர்டு (பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்) என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை இந்த இரண்டு விவரமாவது கடிதத்தில் இருக்கட்டும்.

முதல் நாளே குடும்பத்தோடு போகலாமா? எவ்வளவு தூரம்?

குடும்பம் மூன்றாவது, நான்காவது ஓட்டத்தில் வரட்டும். முதல் நாள் உங்களோடு ஒரே ஒருவர் போதும். காற்று எழும்பாத காலை நேரம், கரை தெளிவாகத் தெரியும் தூரம், மொத்தம் இரண்டு மணி நேரம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்ரோலை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு. 24 லிட்டர் டாங்க் என்றால் 8 லிட்டர் செலவானதும் திரும்பிவிட வேண்டும். 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை முழு வேகத்தில் வைத்தால் மணிக்கு 15 லிட்டர் வரை குடிக்கும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். வரும்போது காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, திரும்பும் வழியில் டாங்க் முள்ளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

படகைத் தண்ணீரில் இறக்கிய பத்தே நிமிடத்தில் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். அடிப்பாகம் விரிசலா?

டிரெயின் பிளக், அதாவது பின்பலகையின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையை மூடும் அடைப்பான், போட்டீர்களா? கடிதம் முழுக்க அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிளக்கை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். சாவியை எடுக்கும்போது பிளக்கும் கைக்கு வந்தால் மறக்க வழியில்லை. படகிலும் ஒரு உபரி பிளக் இருக்கட்டும். தண்ணீரில் இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது என்றால், பின்பலகையின் உள்பக்கம் கையை விட்டு ஓட்டையைத் தேடி, கையில் கிடைக்கும் துணியைச் சுருட்டி இறுக்கி அடையுங்கள். படகின் அடிப்பள்ளமான பில்ஜில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பைப் போட்டுவிட்டு நேராக டிரெய்லருக்குத் திரும்புங்கள்.

பிளக் போட்டிருந்தும் தண்ணீர் வருகிறதா? படகை டிரெய்லரில் ஏற்றி, உள்ளே பில்ஜில் மட்டும் 30, 40 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அடியில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். முதலில் பிளக்கின் ரப்பர் வாஷர், அடுத்து பம்பின் குழாய் இணைப்பு, பிறகு பின்பலகையில் எஞ்சின் போல்ட்டுகள். விரிசலைத் தேடுவது கடைசியில்.

டிரெய்லரில் இருக்கும் படகைச் சாய்தளம் வழியாகத் தண்ணீரில் இறக்கும்போது என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

சாய்தளத்துக்கு வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்தி பிளக் போடுங்கள், பின்பக்கப் பட்டையை அவிழுங்கள், கயிறுகளையும் ஃபெண்டர்களையும் (படகு இடிபடாமல் பக்கவாட்டில் தொங்கவிடும் மெத்தைகள்) எடுத்து வையுங்கள், டிரெய்லர் விளக்கின் மின்இணைப்பைக் கழற்றுங்கள். எஞ்சின் மேலே தூக்கியே இருக்கட்டும். அணியத்தில் (படகின் முன்முனையில்) மாட்டியிருக்கும் வின்ச் கொக்கியை, அதாவது படகை டிரெய்லரோடு பிடித்திருக்கும் கொக்கியை, மட்டும் படகு மிதக்கும் வரை கழற்றாதீர்கள். ஈரமான சாய்தளத்தில் கொக்கி இல்லாத படகு டிரெய்லரிலிருந்து வழுக்கி கான்கிரீட்டில் விழுந்துவிடும்.

நீண்ட தூரம் ஓட்டி வந்திருந்தால் சக்கர பேரிங் சூடாக இருக்கும். சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கிரீஸ் கெட்டுப்போகும். கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்தீர்களா? அது மூடியிருந்தால் பெட்ரோல் போகப் போக டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. அடையாளம் எளிது: பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பிரைமர் பல்பைப் பாருங்கள், உள்ளே உறிஞ்சப்பட்டுச் சப்பையாக இருக்கும். திருகைத் திறந்ததும் உப்பிக்கொள்ளும்.

பல்ப் எத்தனை முறை அமுக்கியும் கெட்டியாகவில்லை என்றால் எங்கோ காற்று புகுகிறது. குழாயின் இரு முனை இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) பாருங்கள். பல்பில் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல்ப் கெட்டியாக இருந்தும் நிற்கிறது என்றால் பழைய பெட்ரோல், அடைத்த ஃபில்டர், கார்புரேட்டர் என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

கையில் தூக்கக்கூடிய டாங்கைப் படகில் வைத்தபடியே நிரப்பாதீர்கள். கரையில் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும்.

எஞ்சின் பக்கத்தில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீர் நின்றுவிட்டது. கரைக்கு இன்னும் 1 கிலோமீட்டர்தான், ஓட்டிக்கொண்டு வரலாமா?

கூடாது. அந்தத் தண்ணீர்தான் எஞ்சினைக் குளிரவைக்கிறது. உடனே அணையுங்கள், தேவைப்பட்டால் நங்கூரம் போடுங்கள். முதலில் எஞ்சினைத் தூக்கி, கீழ்ப்பகுதியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பிளாஸ்டிக் பையோ பாசியோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது சுத்தமாக இருந்தால், தண்ணீர் வரும் சின்னத் துளையில் தடித்த நைலான் தூண்டில் நரம்பை விட்டுக் குத்துங்கள். உப்பும் மணலும் அங்கே அடிக்கடி அடைக்கும். இரண்டும் செய்தும் வராவிட்டால் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் போயிருக்கும், இன்னொரு படகின் உதவியைக் கேளுங்கள். இம்பெல்லர் ரப்பரால் ஆனது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீர் இணைக்காமல் கரையில் "சும்மா ஒரு தடவை" ஸ்டார்ட் செய்து பார்ப்பவர்கள் அதைச் சில நொடிகளில் கருக்கிவிடுகிறார்கள்.

கில் ஸ்விட்ச் (ஓட்டுபவர் உடம்பில் மாட்டும் கயிறு இழுபட்டால் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச்) கயிறு பெரிய தொல்லை. எழுந்து நகர்ந்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது. அதனால் கயிற்றின் கிளிப்பை ஸ்விட்சில் மாட்டி, மறுமுனையைச் சுக்கான் சக்கரத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். ஏதும் பிரச்சினை வருமா?

வரும். இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். நால்வரும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

30 கிலோமீட்டர் வேகத்தில் படகு ஒரு நொடிக்கு 8 மீட்டர் போகிறது. ஓட்டுபவர் தவறி விழுந்தால், அவர் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கும்போது படகு 20, 30 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஆனால் போய்விடாது. சக்கரத்தைப் பிடிக்க ஆள் இல்லாததால், புரொப்பல்லர் சுழலும் விசையே எஞ்சினை ஒரு பக்கம் இழுத்துத் திருப்பும். படகு இறுக்கமான வட்டம் போடத் தொடங்கும். அந்த வட்டம் விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே திரும்பி வரும், பெட்ரோல் தீரும் வரை திரும்பத் திரும்ப வரும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடினால், கியர் அதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தும், புரொப்பல்லர் நொடிக்குச் சுமார் 40 தடவை சுழல்கிறது. மூன்று இலை என்றால் நொடிக்கு 120 வெட்டு. நீந்தித் தப்ப முடியாது. இதைத் தடுக்கப் படகில் இருக்கும் ஒரே பொருள் அந்தச் சுருள் கயிறு. அதைச் சக்கரத்தில் சுற்றினால், நீங்கள் விழுந்தாலும் சக்கரம் விழாது, எஞ்சினும் நிற்காது.

எழுந்தால் எஞ்சின் நிற்கிறது என்பது குறை இல்லை. ஓட்டும்போது எழக் கூடாது என்பதுதான் அதன் பொருள். எழ வேண்டுமா? நியூட்ரலுக்கு வாருங்கள், எஞ்சினை அணையுங்கள், பிறகு எழுங்கள். ஆள் மாறி ஓட்டும்போதும் அப்படியே: முதலில் அணைப்பு, பிறகு கயிறு கை மாறும், பிறகு ஸ்டார்ட்.

சக்கரம் வைத்த படகில் கயிற்றை முழங்காலுக்கு மேலே தொடையைச் சுற்றி, அதன் கொக்கியை அதே கயிற்றில் மாட்டுங்கள். கைப்பிடி வைத்து ஓட்டும் எஞ்சின் என்றால் மணிக்கட்டிலோ, லைஃப் ஜாக்கெட்டில் உள்ள உறுதியான வளையத்திலோ மாட்டலாம். சட்டைப் பொத்தான், பெல்ட் கொக்கி, பாக்கெட் ஆகாது. விழுகிற வேகத்தில் அவை முதலில் பிய்ந்துபோகும். கயிறு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் நெம்புகோலைச் சுற்றி வராமல் நேராகப் போகட்டும். வெயிலில் வெளுத்து, சுருள் விறைத்து, வளைத்தால் வெடிப்பு தெரிகிற கயிற்றைத் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பதில் செருப்புக் கயிறோ நரம்போ கட்டாதீர்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் சோதனை: நியூட்ரலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது கயிற்றைச் சுண்டி இழுங்கள். உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அன்று படகு கரையிலேயே இருக்கட்டும். இன்னொரு கயிறு படகில் எப்போதும் இருக்க வேண்டும். ஓட்டுபவர் கயிற்றோடு விழுந்துவிட்டால் மற்றவர்கள் எஞ்சினை மறுபடி எடுக்க அதுதான் வழி. அதை எங்கே, எப்படி மாட்டுவது என்று கூட வருபவருக்குக் கிளம்பும் முன்பே காட்டிவிடுங்கள். மெதுவாகத்தானே போகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பக்கத்தில் போகும் படகின் ஓர் அலை போதும், நின்றுகொண்டிருப்பவர் விழ.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைந்த படகுகளில், இந்த ஸ்விட்ச் இருந்தால், வேகமெடுக்கும்போது அதை மாட்டியிருப்பது சட்டப்படி கட்டாயம். உங்கள் ஊரில் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கயிறு உடம்பில் இருக்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டுகளை சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறோம். போதும்தானே?

போதாது. விழுந்த பிறகு சீட்டுக்கு அடியில் கை எட்டாது, தண்ணீருக்குள் போட்டுக்கொள்வதும் லேசில்லை. போட்டபடியே ஏறுங்கள். குழந்தைகளுக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள். போட்டுவிட்டுத் தோள் பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கினால் ஜாக்கெட் காதுக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் பெரியது, அல்லது கால் இடுக்குப் பட்டை போடவில்லை. தானாக ஊதிக்கொள்ளும் வகை என்றால் வாயுக் குப்பியைத் திருகி இறுக்கி, ஆண்டுக்கு ஒருமுறை எடை போடுங்கள். இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடை குப்பி மேலேயே அச்சிட்டிருக்கும்.

துறையில் கட்டும்போதெல்லாம் இடித்துவிடுகிறேன். என்ன செய்ய?

வேகத்தைக் குறைத்தாலே பாதி சரியாகிவிடும். காற்று, நீரோட்டம் இரண்டில் எது வலுவோ அதை எதிர்த்து வாருங்கள். அதுவே உங்கள் பிரேக். ஃபெண்டரும் முன்பின் கயிறுகளும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். 30 டிகிரி சாய்வில் துறையை நோக்கி, ஒரு நொடி கியர், பிறகு நியூட்ரல், மறுபடி ஒரு நொடி கியர் என்று வாருங்கள். அரைப் படகு நீளம் இருக்கும்போது சக்கரத்தைத் துறைப் பக்கம் முழுக்கத் திருப்பி, லேசாக ரிவர்ஸ் கொடுங்கள். படகு நிற்கும், பின்புறமும் துறையை ஒட்டி வந்துவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அவுட்போர்டு படகுக்குத் தனியாகச் சுக்கான் இல்லை, புரொப்பல்லர் தள்ளும் திசைதான் சுக்கான். நியூட்ரலில் சக்கரத்தை எவ்வளவு சுற்றினாலும் அநேகமாகத் திரும்பாது. அதனால் முதலில் சக்கரம், பிறகு கியர். திறந்த நீரில் ஒரு மிதவையைப் போட்டு, அதன் பக்கத்தில் பத்து முறை நிறுத்திப் பழகுங்கள். இடிக்கப் போகிறது என்று கையையோ காலையோ நடுவில் நீட்டாதீர்கள். ஃபைபரை ஒட்டவைக்கலாம், விரலை முடியாது.

நங்கூரம் இழுத்துக்கொண்டே வருகிறது. இன்னும் கனமானது வாங்க வேண்டுமா?

எத்தனை மீட்டர் கயிறு விட்டீர்கள் என்று எழுதவில்லை. அநேகமாகக் குறை அங்கேதான். ஆழம் 5 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர், ஆக 6. அமைதியான நீரில் அதன் ஐந்து மடங்கு, 30 மீட்டர் விடுங்கள். காற்று இருந்தால் ஏழு மடங்கு, 40 மீட்டருக்கு மேல். இழுவை தரையை ஒட்டிப் படுத்து வந்தால்தான் நங்கூரம் மண்ணில் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே படகு நீளத்துக்குச் சங்கிலி இருக்கட்டும். வீசி எறியாமல் மெதுவாக இறக்கி, படகைப் பின்னால் நகர விட்டு, கடைசியில் லேசாக ரிவர்ஸ் கொடுத்து ஊன்றுங்கள்.

எப்போதும் அணியத்திலிருந்துதான். பின்பக்கம் கட்டினால், ஏற்கனவே எஞ்சின் எடையில் தாழ்ந்திருக்கும் பின்பலகை மேல் அலை ஏறிவிடும்.

புது எஞ்சினை எவ்வளவு நாள் மெதுவாக ஓட்ட வேண்டும்?

பத்து மணி நேரம். முதல் மணி நேரம் பாதித் திராட்டிலுக்கு மேல் வேண்டாம், இரண்டாவதில் முக்கால், அடுத்த எட்டு மணி நேரம் முழுத் திராட்டிலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து வைக்காதீர்கள். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்றால் 20 மணி நேரத்தில் முதல் ஆயில் மாற்றம். அத்தோடு கியர் ஆயிலையும் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போகிறது. உங்கள் எஞ்சினின் கையேடு வேறு கணக்குச் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

ஆறு சீட் இருக்கிறது. ஆறு பேர் போகலாம்தானே?

சீட்டை எண்ணி முடிவு செய்யாதீர்கள். பின்பலகைப் பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆள், எடை இரண்டும் போட்டிருக்கும். தகடு இல்லையென்றால் அடிக்கணக்கில் நீளத்தை அகலத்தால் பெருக்கி 15-ஆல் வகுங்கள். உங்கள் படகு 15 அடிக்கு ஐந்தரை அடி, ஐந்து பேர். அதுவும் அமைதியான நீரில், ஆளுக்கு 70 கிலோ என்ற கணக்கில். குழந்தையும் ஓர் ஆள்தான். ஐஸ் பெட்டியும் டாங்கும் எடைதான்.

இரண்டு படகு எதிரெதிரே வந்தால் யார் விலக வேண்டும்?

நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு நீங்கள் வழி விட வேண்டும். முந்துபவர் விலகிப் போக வேண்டும். கால்வாயில் வரும் பெரிய கப்பலின் முன்னால் இந்த உரிமையெல்லாம் பேசாதீர்கள். அதனால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. 20 மீட்டருக்குக் குறைந்த படகு அதன் வழியை அடைக்கக் கூடாது என்பதே சர்வதேச விதி.

உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும்? எஞ்சினின் அடியில் இருக்கும் சாம்பல் நிறக் கட்டி அரித்துக்கொண்டே போகிறது, பெயின்ட் அடிக்கலாமா?

வந்த அன்றே நல்ல தண்ணீர்க் குழாயை மாட்டி பத்து நிமிடம் கழுவுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் உப்பு காய்ந்து குழாய்களுக்குள் படிந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டுக் கழுவினால் நியூட்ரலில்தான், புரொப்பல்லர் பக்கம் யாரும் நிற்காமல்.

அந்தக் கட்டி அரிப்பதற்காகவே வைத்தது. எஞ்சினின் அலுமினியத்துக்குப் பதிலாக அது கரைகிறது. பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது, எஞ்சின் கரையத் தொடங்கும். பாதி தேய்ந்ததும் கழற்றி, உட்காரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்து, புதியதை உலோகத்தோடு உலோகம் படும்படி முறுக்குங்கள்.