மவுத்வாஷ் இருக்கட்டும், அந்தப் புண்ணைக் காட்டினீர்களா?

கேள்வி: எனக்கு வயது 51. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வாய் நாற்றத்துக்காக மெடிக்கலில் கேட்டு வாங்கிய குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை ஆறு மாதமாக இரண்டு வேளையும் கொப்பளிக்கிறேன். பல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது. ருசி தெரியவில்லை. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. மவுத்வாஷால் புற்றுநோய் வரும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. வேறு எந்த மவுத்வாஷுக்கு மாறலாம்? புகையிலை கிடையாது, சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு மட்டும்தான். நாக்கின் இடது ஓரத்தில் இரண்டு மாதமாகச் சின்னதாக ஒரு புண். வலி இல்லை, ஜெல் தடவி வருகிறேன்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: கடைசியில் போகிறபோக்கில் ஒரு புண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். இந்த வாரமே பல் மருத்துவரிடம் போய் அதைக் காட்டுங்கள். எந்த மவுத்வாஷ் என்பதெல்லாம் அப்புறம்.

சாதாரண வாய்ப்புண் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரசம் பட்டாலே உயிர் போகும், பத்து நாளில் தானாக ஆறிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாமல் ஒரே இடத்தில் நிற்கும் புண்ணை நாங்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்களுடையது இரண்டு மாதம். அதுவும் நாக்கின் ஓரத்தில். வலி இல்லை என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவதே அதுதான். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. போதாததற்கு, கடையில் விற்கும் ஜெல்களில் பல மரத்துப்போகச் செய்பவை. இருக்கிற வலியும் தெரியாது.

உங்களுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து கூராக இருந்து, பேசும்போதும் மெல்லும்போதும் நாக்கை உரசிக்கொண்டே இருந்தாலும் இப்படி ஆறாத புண் வரும். பல்லின் கூரைத் தேய்த்துவிட்டால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறாவிட்டால் அந்த இடத்தை மரத்துப்போக வைத்து, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். தொட்டுப் பார்க்கும்போதே சந்தேகம் வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க மாட்டோம். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று யாராவது சொல்வார்கள். பரவாது. அந்தப் பேச்சை நம்பி ஆறு மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மருத்துவரிடம் போவதற்குள் ஒன்று செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, நாக்கு நுனியைச் சுத்தமான கைக்குட்டையால் பிடித்து வலப்பக்கம் இழுங்கள். இடது ஓரம் நன்றாகத் தெரியும். கையைக் கழுவிவிட்டு விரலால் புண்ணின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். சுற்றிலும் கெட்டியாகத் தட்டுப்படுகிறதா? பக்கத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா? கழுத்தில் கட்டி ஏதும் தெரிகிறதா? எது இருந்தாலும் நாளைக்கே கிளம்புங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரம் போய்த்தான் ஆக வேண்டும்.

அடுத்து, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த யூடியூப். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைப் பற்றித்தான் அந்தச் சர்ச்சை எல்லாம். அதிலும் இதுவரை எதுவும் உறுதியாக நிரூபணமாகவில்லை. பயப்பட வேண்டியது உங்கள் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது அம்மா. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே அறிவித்துவிட்டது. ‘மட்டும்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘மட்டும்’ இன்றோடு நிற்கட்டும். வாய் முன்புபோல் அகலமாகத் திறக்கவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பல் பழுப்பானதும் ருசி போனதும் குளோர்ஹெக்சிடின் செய்த வேலை. பல் பிடுங்கிய பிறகு, ஈறு சிகிச்சைக்குப் பிறகு என்று ஒன்றிரண்டு வாரத்துக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் மருந்து அது. ஆறு மாதம் கொப்பளித்து, நடுவே காபியும் குடித்தால் கறை படியாமல் என்ன செய்யும்? நிறுத்திவிடுங்கள். ருசி தானாகத் திரும்பும், கறை கிளீனிங்கில் போய்விடும்.

நாற்றத்துக்கும் ரத்தத்துக்கும் அநேகமாக ஒரே காரணம்தான்: ஈறோரம் படிந்த காரை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு இன்னும் சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுப்படாது. எந்த மவுத்வாஷும் காரையைக் கரைக்காது. வீட்டுக்குள் குப்பையை வைத்துக்கொண்டு ஊதுபத்தி கொளுத்துகிற கதைதான். கிளீன் செய்தால் பல் ஆடும் என்று பயப்படாதீர்கள். ஏற்கெனவே ஆடுகிற பல்லைக் காரை பிடித்துக்கொண்டிருக்கும், அது போனதும் ஆட்டம் தெரியவரும், அவ்வளவுதான். தினமும் நாக்கையும் வழியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மவுத்வாஷ் வேண்டுமா என்றால், பலருக்கு வேண்டாம். சொத்தை அடிக்கடி வருகிறவர்களுக்கு 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு உள்ளது நல்லது. பல் தேய்த்த கையோடு இல்லாமல் வேறொரு வேளையில் கொப்பளிக்க வேண்டும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய் வறட்சி சகஜம் என்பதால், நீங்கள் வாங்குவதானால் ஆல்கஹால் இல்லாததாக வாங்குங்கள். புத்துணர்ச்சிக்காக என்று விற்கும் நீலம், பச்சை பாட்டில்கள் ஒரு மணி நேரத்துக்கு மணக்கும். ஈறு வலிக்கிற நாளில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போதும்.

மருத்துவரைப் பார்க்கப் போகிற அன்று காலையில் ஜெல் தடவாதீர்கள். சாப்பிடுகிற மாத்திரைகளையும் கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.