கணவன், மனைவி, ஒரே மேடை: இசை ரெவ்யூ பற்றிய கேள்வி பதில்

தன்னார்வக் குழுக்களின் இசை நிகழ்ச்சிகளில் ஜோடியாகப் பாடி நடிக்கிறவர்களும், பாட நினைக்கிறவர்களும் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். நானும் என் கணவரும் அப்படிப் பாடுகிறவர்கள்தான். ஒத்திகை நடத்தும் பொறுப்பும் எனக்கு உண்டு. அனுப்பியவர்கள் வைத்துக்கொண்ட புனைபெயரோடு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

மூன்றாம் வரிசை: அக்கா, ரெவ்யூ என்றால் இசை நாடகமேதானா? எனக்கும் கணவருக்கும் மேடை அனுபவம் கிடையாது. சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். இசை நாடகத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கதை ஓடும். ரெவ்யூவில் பாட்டு, ஆட்டம், சின்னச் சின்ன நகைச்சுவைக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றை இணைக்க ஒரு பொதுப் பொருள் இருந்தால் போதும். பாரிஸில் வளர்ந்த வடிவம் இது. நியூயார்க்கில் ஃப்ளோரன்ஸ் சீக்ஃபெல்ட் 1907-ல் தொடங்கிய ஃபாலீஸ் நிகழ்ச்சிகள் இதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோயின. புதியவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இரண்டு மணி நேரம் ஒரே பாத்திரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு நிமிடப் பாட்டை ஒழுங்காகச் செய்தால் போதும். முதல் தடவை ஒரு டூயட்டும் கோரஸும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருதிப்பெட்டி: எனக்கு ஐந்தரைக் கட்டை, அவருக்கு ஒன்றரை. டூயட்டை எந்தச் சுருதியில் வைப்பது? யாராவது ஒருவர் கத்த வேண்டியிருக்கிறது.

யாரும் கத்த வேண்டாம். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; பெரும்பாலான ஜோடிகளுக்கு இதே இடைவெளிதான் இருக்கும். முதலில் பாட்டு எந்த ஸ்வரத்திலிருந்து எதுவரை போகிறது என்று பாருங்கள். மந்தர பஞ்சமத்திலிருந்து (கீழ் ஸ்தாயி ‘ப’) மத்திய ஸ்தாயி நிஷாதத்துக்குள் (நடு ஸ்தாயி ‘நி’) அடங்கினால் மூன்று கட்டையில் வையுங்கள். அவர் தன் ஸ்தாயியில் கொஞ்சம் ஏறுவார், நீங்கள் அதே மெட்டை அவருக்கு ஒரு ஸ்தாயி மேலே பாடுவீர்கள், இரண்டு குரலும் தெளிவாக நிற்கும்.

பாட்டு தார ஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயிக்கு) தாவுகிறது என்றால் சுருதியை நடுவில் மாற்றுவதுதான் நல்லது. அவர் சரணத்தை ஒன்றரையில் பாடட்டும். உங்கள் சரணம் வரும்போது அவருடைய மத்திமத்தை (‘ம’) உங்கள் ஷட்ஜமாக (‘ச’) எடுத்துக்கொண்டால் நாலரைக் கட்டை ஆகிவிடும். உங்கள் இயல்பான சுருதிக்கு ஒரே ஒரு கட்டைதான் கீழே. மாறுகிற இடத்தில் வாத்தியத்துக்குக் குறைந்தது இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கொடுங்கள், இல்லையென்றால் நுழையும்போது தடுமாறுவீர்கள்.

சேர்ந்து பாடும் வரிகளில் இருவரும் ஒரே மெட்டைப் பாட வேண்டும் என்று கட்டாயமில்லை. மெட்டு உங்களிடம் இருக்கட்டும். அவர் அதற்குக் கீழே மூன்றாம் ஸ்வரத்திலோ ஆறாம் ஸ்வரத்திலோ இணைந்து வரலாம். ஒன்று மட்டும் முக்கியம்: சோபாவில் உட்கார்ந்து முணுமுணுத்துச் சுருதியை முடிவு செய்யாதீர்கள். எழுந்து நின்று, மேடையில் பாடும் அதே குரலில், முழுப் பாட்டையும் இரண்டு முறை பாடிய பிறகு முடிவு செய்யுங்கள். பின்னணி டிராக் அதற்கப்புறம் தயாராகட்டும்.

வலது பக்கத் திரை: கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் "உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமே தெரியவில்லை" என்கிறார் இயக்குநர். மனசு கஷ்டமாக இருக்கிறது.

கஷ்டப்படாதீர்கள், இது உங்கள் திருமணத்தைப் பற்றிய தீர்ப்பே இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேச ஆசைப்படுகிறேன்.

வீட்டில் நாம் ஒருவரை ஒருவர் பார்த்தா பேசுகிறோம்? அவர் வாய் திறக்கும் முன்னே என்ன சொல்லப்போகிறார் என்று தெரியும், அதனால் காதில் வாங்குவதும் குறைந்துவிடுகிறது. பழக்கத்தின் சுகம் அது. மேடையில் அதே பழக்கத்தோடு நின்றால், பார்க்கிறவர்களுக்கு அக்கறையில்லாத இரண்டு பேர் நிற்பதாகத்தான் படும். உங்களுக்குள் இருக்கும் அன்பு அவர்களுக்குத் தெரியாது. அதைப் பார்வையாலும் குரலாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் காட்ட வேண்டும்.

நான் ஜோடிகளுக்குச் சொல்கிற பயிற்சி இது. மெட்டை விட்டுவிட்டுப் பாட்டின் வரிகளை வெறும் பேச்சாகச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு வரி சொன்னதும் மற்றவர் உடனே அடுத்த வரிக்குப் போகக் கூடாது. கேட்ட வரி மனதில் இறங்கிய பிறகுதான் பதில் வர வேண்டும். அடுத்த சுற்றில் ஒருவர் ஒரே ஒரு வரியை வேறு மாதிரி சொல்லட்டும், கோபமாகவோ கெஞ்சலாகவோ. எது என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. மற்றவர் முகம் தானாக மாறும். இயக்குநர் தேடுகிறது அந்த மாற்றத்தைத்தான்.

அமெரிக்க மேடையில் ஆல்ஃபிரட் லன்ட், லின் ஃபான்டான் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். 1922-ல் திருமணம் செய்துகொண்டு பல பத்தாண்டுகள் சேர்ந்தே நடித்தார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் பேசுவார், ஆனாலும் இரண்டு பேர் சொன்னதும் அரங்கத்துக்குத் தெளிவாகக் கேட்கும். வீட்டுப் பேச்சு மாதிரியே இருந்த அந்த இயல்பு, ஓயாத ஒத்திகையில் வந்தது. கணவன் மனைவி என்பதாலேயே கிடைத்துவிடவில்லை.

உடல் நிலையையும் கவனியுங்கள். இருவரும் நேருக்கு நேர் நின்றால் அரங்கத்துக்கு ஆளுக்குப் பாதி முகம்தான் தெரியும். நாற்பத்தைந்து பாகை திரும்பி நின்று, முக்கியமான வரிக்கு மட்டும் முழுதாக அவர் பக்கம் திரும்புங்கள்.

தாளம் தவறாதவள்: அவர் தாளம் விடுகிறார். சொன்னால் சண்டை வருகிறது.

சொல்லாதீர்கள். திருத்தம் இயக்குநரிடமிருந்தோ இசைப் பொறுப்பாளரிடமிருந்தோ மட்டும் வரட்டும். அவர்களிடம் தனியாக, "அந்த இடத்தை இன்னொரு முறை எடுக்கலாமா" என்று கேளுங்கள், போதும். வீடு திரும்பும் வழியில் ஒத்திகையைப் பற்றிய விமர்சனமே வேண்டாம். தூக்கி ஆடும் அசைவு, படிக்கட்டு, இருட்டில் நடப்பது மாதிரி அடிபடக்கூடிய விஷயங்களை மட்டும் உடனே சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்: என் மனைவிக்கு வேறு ஒருவரோடு காதல் டூயட் கொடுத்திருக்கிறார்கள். குழு நல்ல குழுதான். ஆனாலும் சங்கடமாக இருக்கிறது.

மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. இந்தச் சங்கடம் இயல்பானது. அதை முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், இயக்குநரிடம் இல்லை. நல்ல குழுவில் கை பிடிப்பதும் அணைப்பதும் நடன அசைவு மாதிரியே வகுக்கப்படும்: எந்த வரியில், எந்தக் கை, எங்கே, எவ்வளவு நேரம் என்று நடிக்கிறவர்கள் இருவரும் ஒப்புக்கொண்டதுதான் ஒவ்வொரு காட்சியிலும் நடக்கும், கூடவும் குறையவும் செய்யாது. அப்படி வகுக்கப்பட்டிருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்கே ஏதாவது பிடிக்கவில்லை என்றால் மாற்றச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அவருக்குச் சம்மதம் என்றால், துண்டு துண்டாக நடக்கும் ஒத்திகைகளில் போய் உட்காராமல் முழு ஓட்டத்தைப் பாருங்கள். மற்றப் பாட்டுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அது அவருடைய வேலையாகத் தெரியும்.

மைக் டெஸ்டிங்: கட்டிப்பிடித்துப் பாடும்போது சத்தம் ஒரு மாதிரி குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஆகிறது.

இரண்டு மைக்கும் பக்கத்தில் வரும்போது ஒரே குரல் இரண்டிலும் நூலிழை நேர வித்தியாசத்தில் பதிகிறது. சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த நேரத்துக்கு ஒரு மைக்கை மூடச் சொல்லுங்கள், மற்றொன்றே இருவருக்கும் போதும். எந்த வரியில் அணைப்பு, எந்த வரியில் விலகல் என்று சவுண்ட் பார்ப்பவரிடம் எழுதிக் கொடுங்கள். கன்னத்து மைக் என்றால் இருவரும் அவரவர் ஒரே பக்கக் கன்னத்தில், இருவருமே இடப்பக்கமோ இருவருமே வலப்பக்கமோ மாட்டி, மைக் இல்லாத கன்னங்கள் ஒட்டும்படி அணையுங்கள். மைக் பரவாத காலத்தில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் உயர்ந்த சுருதியில் பாடியே கடைசி வரிசையை எட்டினார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை.

இரட்டை வேலை: இரண்டு பேரும் ஒத்திகைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது?

உங்கள் தனிப் பாட்டுகளை வேறு வேறு நாளில் வைக்கச் சொல்லிச் சேரும்போதே கேளுங்கள். ரெவ்யூவில் இது எளிது. கடைசி வாரம் இருவரும் முழு நேரம் தேவைப்படுவீர்கள், அதற்கு மட்டும் ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கரகரப்பு: ஒருவருக்குச் சளி பிடித்தால் மற்றவருக்கும் வந்துவிடுகிறது.

அதனால் இருவருக்கும் தனித்தனி மாற்று ஆள் வேண்டும். நீங்கள் ஒருவருக்கொருவர் மாற்றாக இருப்பது உதவாது. தண்ணீர் குடியுங்கள், ஆவி பிடியுங்கள், பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு ஆகாது, அதுவும் குரலை வருத்தும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பல்லவி: காட்சி நாளன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் எப்படிக் காதல் பாட்டுப் பாடுவது?

திரைக்குப் பின்னால் சமாதானம் பேச முயலாதீர்கள். பாதியில் நின்றுபோகும், இன்னும் கெடும். இரவு பேசிக்கொள்வோம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். அப்புறம் டூயட்டின் முதல் நான்கு வரியை மெதுவாகச் சேர்ந்து பாடிப் பாருங்கள். மூச்சு எடுக்கும் இடம் இருவருக்கும் ஒத்துவந்தால் சரி, மேடைக்குப் போகலாம்.