அந்தப் படத்தை மாற்றச் சொன்னதில் தவறே இல்லை

டிரில்லிங் மெஷின் விளம்பரத்துக்கு, கழுத்துக்கு மேல் வெட்டிய ஒரு பெண்ணின் படத்தைப் போடச் சொல்கிறார் மேலாளர். மறுத்தால் "ரொம்ப யோசிக்காதே" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சரியாகத்தான் யோசித்திருக்கிறீர்கள். முகம் போனால் ஆளே போய்விடுகிறாள், உடம்பு மட்டும் மிஞ்சுகிறது. படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது.

அவரிடம் ஆபாசம் என்று வாதாடாதீர்கள், "எங்கே ஆபாசம்?" என்று பேச்சை முடித்துவிடுவார். அதே நிற்கும் விதத்தில், அதே உடையளவில் ஓர் ஆணை வைத்து இன்னொரு வரைவு செய்து காட்டுங்கள். அபத்தம் உடனே கண்ணில் படும்.

அப்புறம், கைகளைக் கவனியுங்கள். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1970களிலேயே விளம்பரப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்து இதைச் சொன்னார்: பெண்களின் விரல்கள் பொருளை இறுகப் பிடிப்பதில்லை, சும்மா வருடுகின்றன. உங்கள் படத்திலும் அப்படித்தானே? மெஷினை உறுதியாகப் பிடித்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, சுவரில் துளையிடும் பெண்ணை வையுங்கள். கருவி எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரியும்.

வெளிநாட்டிலும் விற்பவர்கள் என்றால் இன்னொன்றும் சொல்லலாம்: தீங்கான பாலினப் பிம்பங்களுக்கு எதிரான விளம்பர விதி பிரிட்டனில் 2019 ஜூனிலிருந்து நடப்பில் இருக்கிறது.

இரண்டு வரைவுகளையும் மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள், பதிவு இருக்கட்டும்.