பாண்டிச்சேரியில் ஒரு கடையில் 40 சென்ட் வைர மோதிரம் 1,10,000 ரூபாய் சொல்கிறார்கள். நியாயமான விலையா?

40 சென்ட் (வைரத்தின் எடை, 100 சென்ட் ஒரு கேரட்) என்பது ஒரே கல்லா, பல கல் சேர்ந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கடையிலும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை.

என் அப்பா கல் பதிக்கிறவர். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பட்டறையில் 30 வருஷம் உட்கார்ந்து வைரத்தோடும் மூக்குத்தியும் பதித்தவர். அந்த வீட்டில் பிறந்துவிட்டு, 2022ல் கல்யாண நாளுக்கு மனைவிக்கு மோதிரம் எடுக்க அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாண்டிக்குப் பஸ் ஏறினேன். கேட்டால் "இந்தக் காசுக்கு ரெண்டு பவுன் எடுத்துடலாமே" என்பார் என்று பயம்.

நேரு வீதிப் பக்கம் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். "ஒரு கேரட் லுக் சார், விவிஎஸ் கல்லு" என்று சொல்லி விரலில் போட்டுக் காட்டினார்கள். விவிஎஸ் என்றால் லென்ஸிலும் குறை லேசில் தெரியாத உயர்ந்த தரம். அந்த விளக்கு வெளிச்சத்தில் எதைப் போட்டாலும் மின்னும் என்று அப்போது தோன்றவில்லை. 35 சென்ட், 78,000 ரூபாய். கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அப்பா மோதிரத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இது ஏழு கல்லுப்பா" என்றார்.

பிரஷர் செட்டிங் என்பார்கள். ஏழு சின்னக் கல்லை இடைவெளி தெரியாமல் நெருக்கிப் பதித்தால் தூரத்தில் ஒரே பெரிய கல் போல் இருக்கும். அது குற்றமில்லை, நல்ல வேலைப்பாடுதான். ஆனால் வைரத்தில் கல் பெரிதாகப் பெரிதாக ஒரு கேரட்டுக்கான விலையே ஏறும். 5 சென்ட் கல் ஏழைச் சேர்த்தாலும் ஒற்றை 35 சென்ட் கல்லின் விலை வராது. வாயால் சொன்னது விவிஎஸ். கூட வந்த அட்டையில் இருந்தது எஸ்ஐ, அதைவிடச் சில படி கீழே; நிறம் ஐஜே. நான் அட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

எஸ்ஐ மட்டமானது என்று சொல்லவில்லை. பத்து மடங்கு லென்ஸில் தெரியும் புள்ளி வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஐஜே நிறத்தின் லேசான மஞ்சளும் மஞ்சள் தங்கத்தில் அடங்கிவிடும். அதற்கு விவிஎஸ் விலை கொடுத்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அப்பா நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். மொத்த எடை 4.270 கிராம். ஒரு கேரட் 0.2 கிராம், அப்படியானால் 35 சென்ட் 0.070. அதைக் கழித்தால் தங்கம் 4.200. (கல் எடையையும் சேர்த்துத் தங்கத்துக்குக் காசு வாங்குகிறார்களா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள்.) 18 கேரட் தங்கம் (இங்கே கேரட் என்பது எடை இல்லை, சுத்தம்) அன்றைக்கு கிராம் 4,000 ரூபாயை ஒட்டி இருந்தது, 16,800 ஆச்சு. செய்கூலி தாராளமாக 4,000. 78,000ல் ஜிஎஸ்டி 3 சதவீதம் போக இருப்பது 75,700 சொச்சம். ஆக கல்லுக்கு மட்டும் கிட்டத்தட்ட 55,000, கேரட்டுக்கு 1,57,000. அதே வீதியில் வேறு இரண்டு கடையில் அதே தரச் சின்னக் கல்லுக்குக் கேரட் 65,000, 70,000 என்றார்கள். என் பில்லில் 'வைர மோதிரம் 1' என்று ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ப் பேசுவது?

கடைக்கு வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் உண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்டுதான். லாபம் வைக்கட்டும், ஆனால் தரத்தை மாற்றிச் சொல்லக்கூடாது. பாண்டியில் எல்லாக் கடையும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை. பிரித்துப் பில் போட்டுக் கொடுத்த கடையையும் அதே ஊரில் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைக்காரர் செய்கூலியைச் சதவீதத்தில் வாங்குகிறார். அந்தக் கல்லை உட்கார வைத்தவருக்குக் கல்லுக்கு இவ்வளவு என்று சில ரூபாய்தான். அப்பாவுக்கு இப்போது இடது கண் சரியாகத் தெரியாது. பிஎஃப் கிடையாது, பென்ஷன் கிடையாது. காகபாதம் (காக்கைக் கால் போலத் தெரியும் குறை) இருக்கிற கல்லைப் பார்த்தவுடன் ஒதுக்கி வைக்கிற கண் அது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டிமேட்டில் நிகர தங்க எடை, கல் எத்தனை, மொத்தம் எத்தனை சென்ட், நிறம், தரம், செய்கூலி எல்லாம் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 18 கேரட் தங்கத்துக்கான 750 முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடியும் (அந்த நகைக்கு மட்டுமான அடையாள எண்) இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். ஆனால் அது தங்கத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒற்றைக் கல் என்றால் ஜிஐஏ அல்லது ஐஜிஐ (வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்கள்) ரிப்போர்ட் கேளுங்கள். இயற்கைக் கல்லா, லேபில் வளர்த்ததா என்று அதில் இருக்கும். லேப் வைரம் விலையில் வெகு குறைவு. கடையில் வைத்துக் காட்டும் சாதாரண டெஸ்டர் பேனா இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும், அதை நம்பாதீர்கள்.

இவ்வளவும் எழுதி வாங்கி இங்கே போடுங்கள். அப்பாவிடம் காட்டிக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.