டாரட் கார்டு: பொருளை மனப்பாடம் செய்வதற்கு முன் படத்தைப் பார்க்கப் பழகுங்கள்

கேள்வி: குறி பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுகளில் ரைடர் வெயிட் என்ற கட்டு ஒன்றை வாங்கி, உடன் வந்த சிறு கையேட்டில் உள்ள பொருள்களை மனப்பாடம் செய்து வருகிறேன். பாதிக்கு மேல் நினைவில் நிற்பதில்லை. தலைகீழாக விழும் சீட்டுக்கு வேறு பொருள் என்று கையேடு சொல்வதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. சென்ற வாரம் எனக்கு நானே பார்த்தபோது மரணச் சீட்டு வந்தது. அதன் பிறகு கட்டைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. முறையாகத் தொடங்குவது எப்படி?

பதில்: கையேட்டைச் சில வாரங்களுக்கு மூடி வைத்துவிடுங்கள். உங்கள் நினைவாற்றலில் குறை ஏதும் இல்லை. உங்களிடம் இருப்பது மனப்பாடத்தை நம்பி இருக்க வேண்டிய கட்டே அன்று. டாரட்டின் 78 சீட்டுகளில் 22 சீட்டுகள், மரணச் சீட்டைப் போலத் தனிப்பெயர் கொண்ட மேஜர் அர்க்கானா. எஞ்சிய 56 சீட்டுகள் மைனர் அர்க்கானா; அது கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு இனங்களாகப் பிரிந்து, ஒவ்வோர் இனத்திலும் ஏஸ் முதல் பத்து வரையிலான எண் சீட்டுகளையும் பேஜ், நைட், குயின், கிங் என்ற நான்கு அரசவைச் சீட்டுகளையும் கொண்டது. பழைய கட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஐந்து கோப்பைச் சீட்டு என்றால் ஐந்து கோப்பைகள் மட்டுமே வரையப்பட்டிருக்கும். அதைப் பார்த்து எதையும் ஊகிக்க இயலாது என்பதால் பொருளை நெட்டுருச் செய்வதைத் தவிர வழியில்லை. 1909-இல் லண்டனில் வெளியான உங்கள் கட்டுக்கோ, மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் வழிகாட்டுதலில் ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் எண் சீட்டுகளுக்கும் முழுக் காட்சிகளை வரைந்து கொடுத்தார். கட்டின் பெயரில் பமீலாவின் பெயர் நெடுங்காலம் இடம்பெறாமல் போனது வருத்தத்துக்குரியது. ஏனெனில் இன்று நாம் படிப்பது பெரும்பாலும் அவர் கைவண்ணத்தைத்தான்.

ஆகவே முதல் பயிற்சியாக நான்கு இனங்களின் ஐந்தாம் சீட்டுகளை மட்டும் எடுத்து வரிசையாக வையுங்கள். ஐந்து கோலில் இளைஞர்கள் ஐவர் தடிகளை ஓங்கி மோதுகிறார்கள். ஐந்து கோப்பையில் கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்; அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் நிற்கின்றன, சற்றுத் தள்ளி ஆற்றைக் கடக்க ஒரு பாலமும் இருக்கிறது. ஐந்து வாளில் வென்றவர் வாள்களைத் திரட்டிக்கொள்ள, தோற்றவர்கள் விலகி நடக்கிறார்கள். ஐந்து நாணயத்தில் வறியவர் இருவர், ஒளிரும் வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்றைக் கடந்து பனியில் செல்கிறார்கள். கோல் செயலையும் வேட்கையையும், கோப்பை உணர்வையும் உறவையும், வாள் எண்ணத்தையும் சொல்லையும் பிணக்கையும், நாணயம் பொருளையும் உழைப்பையும் குறிப்பது மரபு என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். ஐந்து என்ற எண் ஒரு சிக்கலைச் சொல்வதும், அந்தச் சிக்கல் எந்தத் துறையில் என்பதை இனம் சொல்வதும் யாரும் கற்பிக்காமலே விளங்கும். இதே போல் ஏஸ்களை, பத்துகளை என வரிசைப்படுத்திப் பார்த்தால் மைனர் அர்க்கானாவின் பெரும்பகுதி உங்களுக்குப் பிடிபட்டுவிடும். பெயரும் புகழும் மேஜர் அர்க்கானாவுக்கே இருந்தாலும், அன்றாட வாழ்க்கைக்கு நெருக்கமான இந்தச் சீட்டுகளிலிருந்து தொடங்குவதே தொடக்கநிலையாளருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தலைகீழ்ப் பொருளை இப்போதைக்கு விட்டுவிடலாம். எல்லாச் சீட்டுகளையும் நேராக அடுக்கி, நேராகவே வைத்துப் படியுங்கள். பல்லாண்டு அனுபவமுள்ளவர்களிலும் அப்படியே படிப்பவர்கள் உண்டு. கட்டைச் சாம்பிராணி காட்டித் தூய்மைப்படுத்த வேண்டுமா, பட்டுத்துணியில் பொதிய வேண்டுமா என்பவை அவரவர் விருப்பம்.

மரணச் சீட்டைப் பொறுத்தவரை, அதை மீண்டும் எடுத்து நிதானமாகப் பாருங்கள். கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. மன்னர் வீழ்ந்து கிடக்கிறார். சமயத் தலைவர் ஒருவர் கைகூப்பி நிற்கிறார். ஓர் இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு குழந்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கிறது. பின்னணியில் இரு கோபுரங்களுக்கு இடையே சூரியன் தெரிகிறது. முடிவுக்கு வந்துவிட்ட ஒன்றின் எதிரே மனிதர்கள் நிற்கும் விதங்களையே இந்தப் படம் காட்டுகிறது. யாருக்கோ இறப்பு நேரும் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. உங்கள் வாழ்வில் முடிந்துபோன, ஆனால் முடிந்ததாக நீங்கள் ஏற்காத ஒன்று உண்டா, அதன் முன்னால் நீங்கள் இந்த நால்வரில் யாராக நிற்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்வதே இந்தச் சீட்டைப் படிக்கும் முறை. அச்சம் நீங்க வரலாறும் உதவும்: டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காகத் தோன்றியது. அது பண்டைய எகிப்தின் மறைஞானம் என்று 1781-இல் அந்துவான் கூர் தெ ஜெபலன் என்ற எழுத்தாளர் பிரான்சில் எழுதியபோது, எகிப்தியச் சித்திர எழுத்துகளை ஒருவரும் படித்தறிந்திருக்கவில்லை. கையேடுகளின் பொருள்கள் பெரும்பாலும் அதற்குப் பின்வந்தோர் தொகுத்தவை. ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு.

அடுத்தது கேள்வியை அமைக்கும் முறை. பழகியவர்களும் அதிகம் தடுமாறுவது இதில்தான். "புதிய நிறுவனத்தில் சேரலாமா, கூடாதா?" என்று கேட்டால் சீட்டு விடை தராது, படத்தில் ஆம், இல்லை என்று எதுவும் எழுதியிருப்பதில்லை. "இந்த மாற்றத்தில் நான் கவனிக்கத் தவறுவது என்ன?" என்று கேட்டு, இன்றைய நிலை, தடை, அடுத்த அடி என மூன்று இடங்களை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு மூன்று சீட்டுகளை எடுங்கள். பத்துச் சீட்டுகள் கொண்ட கெல்டிக் குறுக்கு அமைப்புக்குத் தொடக்கத்திலேயே போக வேண்டாம்.

எட்டு நாணயம், இரண்டு வாள், ஆறு வாள் வந்ததாகக் கொள்வோம். முதல் படத்தில் ஒரு கைவினைஞர் நாணயங்களைச் செதுக்குவதில் மூழ்கியிருக்கிறார். இப்போதைய வேலையில் கைத்திறன் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தடை என்ற இடத்தில், கண் கட்டப்பட்ட பெண் இரு வாள்களை மார்புக்குக் குறுக்கே ஏந்தி அமர்ந்திருக்கிறாள். முடிவைத் தள்ளிப்போடுவதே இங்குத் தடையாக இருக்கலாம். மூன்றாவதில் படகோட்டி ஒருவர், போர்த்திய ஒரு பெண்ணையும் குழந்தையையும் அழைத்துச் செல்கிறார். ஆனால் ஆறு வாள்களும் படகிலேயே ஊன்றியிருக்கின்றன. இடம் மாறினாலும் கூடவே வரக்கூடிய சுமை எது என்பதைத்தான் கேட்டவர் இப்போது ஆராய வேண்டும். முடிவு அவருடையதே. பிடித்த சீட்டு வரும்வரை ஒரே கேள்விக்கு மறுபடி மறுபடி சீட்டு எடுப்பது இந்தப் பயனைக் கெடுத்துவிடும்.

நாள்தோறும் காலையில் ஒரு சீட்டை எடுத்து, கண்ணில் பட்டதை மட்டும் மூன்று வரிகளில் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரவில் அன்றைய நாளோடு பொருந்திய வரியைக் கோடிடுங்கள். அதன் பின்னரே கையேட்டைத் திறந்து ஒப்பிடுங்கள்.

பிறருக்குப் பார்க்கத் தொடங்கும்போது, உங்கள் விளக்கத்தைச் சொல்வதற்கு முன் "இந்தப் படத்தில் உங்களுக்கு முதலில் தெரிவது எது?" என்று அவரையே கேளுங்கள். நோய், கருத்தரிப்பு, நீதிமன்ற வழக்கு ஆகியவை பற்றிய கேள்விகளை ஏற்க வேண்டாம். அவற்றுக்கு மருத்துவரும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள். அங்கு இல்லாத மூன்றாம் நபரின் மனத்தில் இருப்பதைச் சொல்லுமாறு கேட்டாலும் மறுத்துவிடுங்கள். கெட்ட சீட்டு வந்துவிட்டது, பரிகாரத்துக்கு இவ்வளவு செலவாகும் என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், அந்த இடத்தை விட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள்.